டியூபுலர் பெல்ஸ்: பித்தளைக் குழாய்க்குள் ஒரு கோபுர மணி

'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் இசை என்றதும் காதில் ஓடும் அந்தப் பியானோ வரிக்கு 'டியூபுலர் பெல்ஸ்' என்று பெயர். ஆனால் அந்த வரியில் டியூபுலர் பெல்ஸ் என்ற வாத்தியம், அதாவது தொங்கும் குழாய்களால் ஆன மணி, ஒலிப்பதே இல்லை. பியானோ இருக்கிறது, கிளாக்கன்ஸ்பீல் என்ற உலோகக் கட்டை வாத்தியம் இருக்கிறது, ஃபார்ஃபிசா ஆர்கன் இருக்கிறது. அந்த வரி இடம்பெற்றது மைக் ஓல்ட்ஃபீல்டு என்ற ஆங்கிலேய இசைக்கலைஞரின் 'டியூபுலர் பெல்ஸ்' இசைத்தட்டில். குழாய் மணி வருவது அதன் முதல் பக்கம் முடியப்போகும் நேரத்தில். ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் பக்கத்தில் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும். படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அந்தக் கடைசி நிமிடங்கள்தான் பாப் இசையில் இந்த வாத்தியத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு ஆகச் சிறந்த பாடம் என்பது என் கருத்து. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் வாத்தியத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

வழக்கமான ஆர்க்கெஸ்ட்ரா செட்டில் 18 குழாய்கள். நடு 'சி'யிலிருந்து மேல் 'எஃப்' வரை, ஒன்றரை ஸ்தாயி. கீபோர்டில் இருப்பதைப் போலவே வெள்ளைக் கட்டைகளுக்கானவை முன்வரிசையிலும் கறுப்புக் கட்டைகளுக்கானவை பின்வரிசையிலும் தொங்கும். குழாய் பித்தளை, மேலே பெரும்பாலும் குரோம் பூச்சு. விட்டம் 32 முதல் 38 மில்லிமீட்டர். மிக நீளமான குழாய் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், மிகக் குட்டையானது ஒரு மீட்டருக்குச் சற்றுக் கீழ். மேல்முனையில் ஒரு மூடி, அதற்குக் கீழே குறுக்காக இரண்டு துளை, அதில் கோர்த்த கயிறு. சட்டத்தின் அடியில் ஒரு பெடல். பெரும்பாலான செட்களில் பெடலை மிதித்தால் ஃபெல்ட் ஒட்டிய பட்டை குழாய்களை விட்டு விலகும், காலை எடுத்தால் ஒட்டிக்கொண்டு ஒலியை நிறுத்தும்.

அடிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: மூடியின் பக்கவாட்டு விளிம்பு. பதப்படுத்தாத தோலைச் சுருட்டிச் செய்த சுத்தியல், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் சுத்தியல். கொஞ்சம் சாய்வாக அடித்துவிட்டு உடனே கையை எடுத்துவிட வேண்டும். புதிதாக வாசிப்பவர்கள் குழாயின் நடுவயிற்றில் அடிப்பார்கள். அங்கே அடித்தால் மூன்று கோளாறு. குழாய் ஊசலாடிப் பக்கத்துக் குழாயில் இடிக்கும். மெல்லிய சுவர் நசுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலி மணி மாதிரியே இருக்காது. இரும்புக் கம்பியைத் தட்டிய சத்தம்தான் வரும்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. இரண்டு முனையும் விடுபட்ட நிலையில் தொங்கும் ஒரு குழாய் வளைந்து நெளிந்து அதிர்கிறது. அந்த அதிர்வுகள் புல்லாங்குழலிலோ வீணைத் தந்தியிலோ வருவதுபோல 1, 2, 3, 4 என்ற விகிதத்தில் அமைவதில்லை. ஏறத்தாழ 3, 5, 7, 9, 11, 13 ஆகிய எண்களின் வர்க்கங்களாக அமைகின்றன: 9, 25, 49, 81, 121, 169. தாறுமாறாகத் தெரிகிற இந்த வரிசையில் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது அதிர்வுகளை மட்டும் தனியே எடுங்கள். 81, 121, 169. ஏறத்தாழ 2, 3, 4 என்ற விகிதம். நம் காது இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டதும், இவை எந்த அடிப்படைச் சுரத்தின் மடங்குகளாக இருக்க முடியும் என்று தானே கணக்குப் போட்டு, நான்காவது அதிர்வுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒரு சுரத்தைக் கேட்கிறது. அந்த அலைவெண்ணில் குழாய் அதிரவே இல்லை. 'இது ஏ சுரம்' என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த ஏ குழாய்க்குள் இல்லை, கேட்பவரின் தலைக்குள் இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். 440 ஹெர்ட்ஸ் 'ஏ' மணியின் நல்ல பதிவு ஒன்றை எந்த ஆடியோ மென்பொருளிலாவது ஏற்றி, 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை முழுவதும் வெட்டிவிடுங்கள். சத்தம் மெலிந்துபோகும், ஆனால் சுரம் அசையாது. அதே ஏதான் கேட்கும். பியானோ பதிவில் இதையே செய்தாலும் சுரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நீங்கள் வெட்டுவது நிஜமாக ஒலித்துக்கொண்டிருந்த 440ஐ. இங்கே வெட்டுவதற்கு அந்த இடத்தில் முதலிலேயே ஒன்றும் இருப்பதில்லை.

மூடியின் விளிம்பில் அடிப்பது ஏன் என்பதும் இதிலிருந்தே வருகிறது. விடுபட்ட முனையில் எல்லா அதிர்வுகளுக்கும் வீச்சு உச்சத்தில் இருக்கும். அங்கே அடித்தால் நமக்கு வேண்டிய நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் கிளம்பும். நட்டநடுவில் இரட்டைப்படை அதிர்வுகள் எல்லாம் அசையாமல் நிற்கும். அங்கே அடித்தால் நான்காவதும் ஆறாவதும் கிளம்பாது, மணியின் சுரமே கலைந்துவிடும். மூடிக்கும் இதில் ஒரு வேலை உண்டு. அடி வாங்கி விளிம்பைக் காப்பது ஒருபுறம். அதன் எடை மேல் அதிர்வுகளைச் சற்றே கீழே இழுத்து, 169ஐ 2-3-4 கணக்குக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவருகிறது.

எதற்காக இவ்வளவு பாடு? எடைதான் காரணம். நடு 'சி' சுரத்தில் ஒலிக்கும் வார்ப்பு மணி ஒன்று ஏறத்தாழ இரண்டு டன் இருக்கும். அதே சுரம் தரும் குழாய் இரண்டு, மூன்று கிலோதான். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஜான் ஹாரிங்டன் 1880களில் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது அவர் மனதில் இருந்தது மேடையல்ல, கனமான வார்ப்பு மணிகளைத் தாங்காத, அல்லது வாங்க வசதியில்லாத தேவாலயக் கோபுரங்கள். மேடைக்கும் அது சீக்கிரமே வந்தது. பெர்லியோஸ், சைக்கோவ்ஸ்கி, முசோர்க்ஸ்கி என்று மணி கேட்டு எழுதிய எல்லோருக்கும் இன்றைய ஆர்க்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் இந்தக் குழாய்தான் பதில் சொல்கிறது. நிஜ வார்ப்பு மணியின் அடியில் முனகும் 'ஹம்' சுரமும், அதன் ஒலியில் ஊடாடும் சின்ன காந்தாரத்தின் சோகமும் குழாயில் கிடையாது. அந்த இழப்பை மறைக்க முடியாது. கிடைத்த லாபம், கீபோர்டு மாதிரி ஒழுங்காகச் சுருதி சேர்ந்த 18 சுரங்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது.

இப்போது மைக் ஓல்ட்ஃபீல்டிடம் வரலாம். 1972 நவம்பர், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஷிப்டன்-ஆன்-செர்வெல் கிராமத்துப் பழைய மாளிகையில் அமைந்த 'தி மேனர்' ஸ்டூடியோ. ஓல்ட்ஃபீல்டுக்கு வயது 19. அதற்கு முன் அங்கே பதிவு செய்துகொண்டிருந்தவர் இசைக்கலைஞர் ஜான் கேல். அவருக்காக வாடகைக்கு எடுத்த வாத்தியங்களை வெளியே கொண்டுபோகும்போது, அவற்றில் இருந்த குழாய் மணிகளைப் பார்த்த ஓல்ட்ஃபீல்டு அதை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். என்ன வாசிப்பது என்ற திட்டமெல்லாம் அப்போது அவரிடம் கிடையாது.

16 டிராக் டேப்பில் கிடார், பாஸ், ஆர்கன், மாண்டலின் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் அவரே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து அடுக்கினார். கடைசிப் பகுதியில் பாஸ் கிடாரில் ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் ஒவ்வொரு வாத்தியமாக வந்து ஒரே மெட்டை வாசிக்கும். பாடகரும் நகைச்சுவையாளருமான விவியன் ஸ்டான்ஷல் அந்தந்த வாத்தியத்தின் பெயரை விருந்தாளியை வரவேற்கும் தோரணையில் அறிவிப்பார். வரிசையில் கடைசி விருந்தாளி குழாய் மணி.

இங்கேதான் சிக்கல். அடுக்கடுக்காகச் சேர்ந்த கிடார்களையும் ஆர்கனையும் தாண்டி மணி கேட்க வேண்டும். வழக்கமான சுத்தியல்களால் அது நடக்கவில்லை. கடைசியில் கனமான சாதாரண இரும்புச் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார்கள். ஒலி கிடைத்தது, மணி விரிசல் விட்டது. கடினமான சுத்தியல் ஏன் உதவியது என்றால், சுத்தியல் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் குறையக் குறைய மேல் அதிர்வுகள் அதிகம் கிளம்பும். மிருதுவான சுத்தியல் ஒரு கணம் கூடுதலாக ஒட்டியிருந்து அவற்றை அமுக்கிவிடும். அடர்த்தியான இசைக்கு நடுவே காது பிடித்துக்கொள்வது அந்த மேல் அதிர்வுகளைத்தான். விலை என்னவென்றால் பித்தளை அந்த அடியைத் தாங்காது. ட்ரெவர் கீ வடிவமைத்த இசைத்தட்டு அட்டையில் கடலுக்கு மேலே மிதக்கும் அந்த வளைந்த குழாய், இப்படி அடிபட்ட மணியிலிருந்து பிறந்த யோசனை.

இதை யாரும் செய்துபார்க்க வேண்டாம். விரிசல் விட்ட குழாயைச் சரிசெய்ய வழியில்லை, புதிதாக வாங்கத்தான் வேண்டும். அதே கூர்மை வேண்டுமென்றால் பிளாஸ்டிக் சுத்தியலில் அடித்து, மிக்ஸில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் உயர்த்தினால் போதும்.

'டியூபுலர் பெல்ஸ்' இசைத்தட்டு 1973 மே 25 அன்று வெளிவந்தது. ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பம், எண் வி2001. அதே ஆண்டு டிசம்பரில் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய 'தி எக்ஸார்சிஸ்ட்' வந்தது. தொடக்கப் பியானோ வரியை ஃப்ரீட்கின் பயன்படுத்தியது மிகக் குறைவு. அம்மா பாத்திரம் ஜார்ஜ்டவுன் தெருவில் நடந்து வரும் காட்சி, பிறகு கடைசியில் பெயர்கள் ஓடும்போது. அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கிய சிங்கிள் 1974இல் பில்போர்டு பட்டியலில் 7ஆம் இடம் வரை போனது. பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபரில் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தபோது அது கீழே தள்ளியது ஓல்ட்ஃபீல்டின் அடுத்த ஆல்பத்தைத்தான்.

அந்தப் பியானோ வரி ஏன் அப்படி நெருடுகிறது? தாளம்தான். 7, பிறகு 8, மொத்தம் 15. நமக்கு எண்ணுவது சுலபம். 'தகிட தகதிமி' என்று ஒருமுறை, 'தகதிமி தகதிமி' என்று ஒருமுறை, இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு கேளுங்கள். எட்டு எட்டாகப் போகும் என்று காது எதிர்பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அட்சரம் காணாமல் போகிறது. பேய்ப்பட இசையில் பியானோவையோ கிளாக்கன்ஸ்பீலையோ ஒற்றைப்படைத் தாளத்தில் சுற்றவிடும் பழக்கம் இதற்குப் பிறகு வேரூன்றியது. ஜான் கார்பென்டர் 1978இல் 'ஹாலோவீன்' படத்துக்கு எழுதிய ஐந்து அட்சரப் பியானோ வரியும் இதே குடும்பம். ஜேனட் ஜாக்சன் 1997இல் 'தி வெல்வெட் ரோப்' பாட்டில் ஓல்ட்ஃபீல்டின் பதிவையே எடுத்தாண்டார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஓல்ட்ஃபீல்டே மேடையேறி வாசித்தார். ஆக, 'டியூபுலர் பெல்ஸ்' என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது, கூடவே வாத்தியம் போகவில்லை.

வாத்தியம் வேறு வழிகளில் போனது. பீட்டில்ஸின் 'வென் ஐம் சிக்ஸ்டி-ஃபோர்' பாட்டின் இடைப்பகுதிகளில் கேட்கும் மணி ரிங்கோ ஸ்டார் அடித்தது. 1966 டிசம்பரில் பதிவானது. பாட்டை 'சி'யில் பதிவு செய்து, பிறகு டேப் வேகத்தைக் கூட்டி அரைச் சுரம் ஏற்றினார்கள். அதனால் நீங்கள் கேட்கும் மணி நிஜமாக அடித்த மணியைவிட அரைச் சுரம் உயரம், ஓயும் நேரமும் அந்த அளவுக்குக் குறைவு. அந்தக் குறும்பான சாயலில் இதற்கும் பங்கு உண்டு. ரஷ் குழுவின் நீல் பியர்ட் 1977இல் வந்த 'ஏ ஃபேர்வெல் டு கிங்ஸ்' ஆல்பத்தில் குழாய் மணியைத் தன் டிரம் செட்டின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார். 'ஸனாடு'வில் அதைக் கேட்கலாம். ராக் டிரம்மர் ஒருவர் டெம்பிள் பிளாக்ஸ், பெல் ட்ரீ, குழாய் மணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஆளாக வாசிப்பது அன்று பெரிய விஷயம்.

ராக் குழுவான ஏசி/டிசியின் 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாட்டில் வருவது குழாய் மணி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது வார்ப்பு மணி. கேட்டவுடன் தெரியும், அடியில் அந்த ஹம் இருக்கும்.

அமெரிக்க வீடுகளில் வாத்தியம் வாசல் மணியாகவே நுழைந்தது. 1936இல் தொடங்கிய நியூடோன் போன்ற நிறுவனங்கள் நீளமான பித்தளைக் குழாய்கள் தொங்கும் அழைப்பு மணிகளை விற்றன. அதன் உள்வேலை இன்றும் 'டிங் டாங்' பெல்லில் அப்படியே இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் மின்காந்தச் சுருள் ஒரு கம்பியை இழுத்து முதல் சுரத்தில் அடிக்கும். விட்டதும் ஸ்பிரிங் அதே கம்பியைத் திருப்பித் தள்ளி இரண்டாவது சுரத்தில் அடிக்கும். பின்வாசலுக்கு ஒரே சுரம், யார் எந்தக் கதவில் நிற்கிறார்கள் என்று தெரிவதற்காக.

பாட்டில் இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வேகமான வரி எழுதாதீர்கள். ஒரு சுரம் பத்து விநாடிக்கு மேல் நிற்கும். பெடலால் நிறுத்தினால் எல்லாக் குழாயும் ஒன்றாக நிற்கும், ஒன்றை மட்டும் நிறுத்தக் கையால்தான் பிடிக்க வேண்டும். மூன்று சுரம் சேர்த்துக் கார்டு வாசிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு குழாயிலும் கணக்குக்கு ஒத்துவராத அதிர்வுகள் ஏராளம், மூன்று குழாய் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கல்தான் மிஞ்சும். தனிச் சுரம், இல்லாவிட்டால் ஸ்தாயி ஜோடி. இன்னொன்று, சுரம் எந்த ஸ்தாயியில் கேட்கிறது என்பதே ஆளுக்கு ஆள் மாறும், நாம் கேட்பது இல்லாத சுரம் என்பதால். பாஸ் வரியோடு ஸ்தாயி பிசகாமல் ஒட்ட வேண்டும் என்று மெனக்கெடுவதில் பயனில்லை.

ஓல்ட்ஃபீல்டு கடைசி நிமிடம் வரை அதைக் கையிருப்பில் வைத்திருந்தது சரியான முடிவு என்று நான் நினைப்பது இதனால்தான். நீளமாக ஒலிப்பது, எதோடும் முழுதாக இணங்காதது, கேட்டதும் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது. இப்படிப்பட்ட ஒலியை முதல் நிமிடத்திலேயே கொண்டுவந்தால் பிறகு அதற்கு மேல் ஏறப் படி இருக்காது.

பதிவு செய்யும்போது மைக்கை மூடிக்கு மிக அருகில் வைத்தால் சுத்தியல் 'டக்' என்று விழும் சத்தம்தான் பெரிதாக வரும். 60 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளி, குழாயின் மேல் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்தபடி வையுங்கள். பெடலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் தொடங்குங்கள், அதன் கிரீச் ஒலி மணி ஓயும் நேரத்தில் துல்லியமாகக் கேட்கும். அடியின் முதல் கணம் மீட்டரில் தெரிவதைவிட உயரமாகத் துள்ளும். உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கிளிப் ஆகாது, அதாவது ஒலி எல்லை மீறிச் சிதையாது.

நிஜ செட் கைக்கு எட்டாதவர்களுக்குக் கீபோர்டு இருக்கிறது. கீபோர்டுகளுக்குப் பொதுவான ஒலிப் பட்டியலான ஜெனரல் மிடி வரிசையில் 15ஆம் எண் டியூபுலர் பெல்ஸ். சில மென்பொருள்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அங்கே 14 என்று கொடுக்க வேண்டும். மணிக்குப் பதில் சைலஃபோனோ டல்சிமரோ கேட்டால் ஒரு எண் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் 'டப் பெல்ஸ்' ஒலி எண்பதுகளின் பாட்டுகளில் நிஜக் குழாய்களைவிட அதிகம் ஒலித்திருக்கும். ஓர் அலையால் இன்னோர் அலையின் அலைவெண்ணை அசைத்து ஒலி உண்டாக்கும் அதன் எஃப்எம் முறைக்கு மணி ஒலி கைவந்த கலை. அசைக்கப்படும் அலையான கேரியருக்கு 1, அசைக்கும் அலையான மாடுலேட்டருக்கு 3.5 என்று முழு எண்ணல்லாத விகிதம் கொடுத்தால் பக்க அலைவெண்கள் மடங்குக் கணக்கை விட்டு விலகி உலோக வாசனை வந்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் எஃப்எம் முறையைக் கண்டறிந்த ஜான் சௌனிங் 1973 கட்டுரையில் மணிக்குக் கொடுத்த உதாரணம் 200க்கு 280, அதாவது 1க்கு 1.4. எந்த விகிதமானாலும் மாடுலேட்டர் கேரியரைவிடச் சீக்கிரம் ஓய வேண்டும். இரண்டும் ஒரே நேரம் நின்றால் மணி கடைசி வரை கரகரக்கும்.

சைன் அலைகளைக் கூட்டிச் செய்வதானால் 440 'ஏ'வுக்கு 272, 532, 880, 1315, 1836, 2444 ஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 880, 1315, 1836 மூன்றும் பலமாக, மற்றவை அடக்கமாக. 1836ஐ 1780 பக்கம் இறக்கினால் மூடி போட்ட குழாய்க்கு இன்னும் அருகில் வரும்.

உலோகத்திலேயே செய்துபார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கணக்கு எளிது. ஒரே பைப்பில் வெட்டிய துண்டுகளில் அலைவெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். ஸ்தாயி ஏற நீளத்தைப் பாதியாக்கக் கூடாது, 1.414ஆல் வகுக்க வேண்டும். அரைச் சுரத்துக்கு 1.0293ஆல். தாத்தா கடிகாரங்களில் கால் மணிக்கு ஒலிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டுக்கு நான்கு சுரம்தான் வேண்டும்: மந்திர பஞ்சமம், ஷட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம். ஒரு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில் இவற்றுக்கு முறையே 150, 129.8, 122.5, 115.7 சென்டிமீட்டர். 20 அடி பைப் ஒன்று வாங்கினால் நான்கும் வெட்டி மிச்சமும் இருக்கும். முதல் கால் மணி மெட்டு 'க ரி ச ப', அந்தப் 'ப' கீழ் ஸ்தாயி.

நான்கையும் ஒரே பைப்பிலிருந்து வெட்டுவது முக்கியம். விட்டம் கூடினால் சுருதி ஏறிவிடும். சுவரின் கனம் சுருதியை அதிகம் மாற்றாது, எடையையும் ஒலி நிற்கும் நேரத்தையும்தான் மாற்றும். ஒவ்வொன்றையும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, கீழ்முனையை அரம் போட்டு இறக்குங்கள். 150 சென்டிமீட்டர் துண்டில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 2.3 சென்ட் ஏறும் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). நீண்ட குழாயை முதலில் முடித்து, அதை வைத்து மற்றவற்றைச் சேர்க்கலாம். அதிகம் தேய்த்துச் சுருதி ஏறிவிட்டால், மேலே வைக்கும் மூடியைக் கொஞ்சம் கனமாக்கினால் இறங்கும்.

கடைகளில் கிடைக்கும் எஸ்.எஸ். பைப்பும் ஜி.ஐ. பைப்பும் பெரும்பாலும் தகட்டை உருட்டி நீளவாக்கில் வெல்டிங் செய்தவை. அந்த வெல்டிங் கோட்டால் குழாய் இரண்டு திசைகளில் சற்றே வேறுபட்ட அலைவெண்களில் அதிரும், இரண்டும் சேர்ந்து 'வாவ் வாவ்' என்று ஒலி அலைபாயும். குழாயில் குறை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோட்டின்மீதே அடித்துப் பாருங்கள், அல்லது கோட்டிலிருந்து கால்வட்டம் தள்ளி அடித்துப் பாருங்கள், அலைச்சல் அடங்கும். இரண்டுக்கும் நடுவே அடித்தால்தான் அது உச்சத்தில் இருக்கும். எனவே கயிற்றுக்குத் துளை போடும் முன்பே வெல்டிங் கோடு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்து, சுத்தியல் விழும் திசைக்கு நேராக அது நிற்கும்படி துளையிடுங்கள். உள்ளே கோடு சற்றுப் புடைத்திருக்கும், முனையில் விரலை விட்டாலே தெரியும்.

துளை மேல்முனைக்குக் கீழே இரண்டு, மூன்று சென்டிமீட்டரில், மூடிக்கு அடியில். காற்றாடும் மணிகளுக்குச் சொல்லும் 22.4 சதவீத இடத்தில் தொங்கவிட வேண்டாம். அந்த இடம் முதல் அதிர்வை நீடிக்க வைப்பதற்காக, நமக்கு வேண்டியதோ நான்காவதிலிருந்து மேலே. துளையின் உள் விளிம்பைச் சாணைத்தாள் சுற்றிய குச்சியால் மழித்துவிடுங்கள். கூரான விளிம்பு நைலான் கயிற்றை மெல்ல மெல்ல அறுத்து, ஒருநாள் அடிக்கும் நேரத்தில் குழாயைக் காலில் போடும்.